முப்பத்தெட்டு சென்டிமீட்டர் நடை

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போவதில்லை. செஞ்சிப் பக்கத்தில் இது யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. அங்காளம்மன் கோயிலுக்கு வெளியே அன்றைக்குக் கழற்றிப் போடுகிற செருப்புகளை அள்ளினால் நாலு டிராக்டர் நிறையும். சாமி கும்பிட்டுத் திரும்பும்போது காலுக்கு எது அகப்படுகிறதோ அதுதான் அவரவருக்கு. அதற்காகவே வீட்டுக்கு வீடு கதவு மூலையில் வார் தைத்த பழைய ஜோடி ஒன்று கிடக்கும். மலையனூர் செருப்பு என்றே அதற்குப் பேர். வித்யாஸ்ரீக்கும் இது தெரியும். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். பெரிய கணக்குப் போடுகிறவர்களுக்குச் சின்ன விஷயம் ஞாபகம் வராது என்று தெரு பிற்பாடு சொன்னது. தெரு எல்லாவற்றையும் பிற்பாடுதான் சொல்லும்.

செஞ்சி பஜாரில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கிற வெங்கடரமணனின் மூத்த மகள் அவள். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகி, அதுவும் ஒருவழியாக முடிந்து, பெங்களூரில் தனியாக இருந்தவள், போன கார்த்திகையில் இரண்டு பெட்டிகளோடும் மூன்று கம்ப்யூட்டர்களோடும் வந்து மாடி அறையில் உட்கார்ந்தாள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ஒருமுறை 'கால்மன் ஃபில்டர்' என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றோடு அவள் தண்ணீர் ஃபில்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம் என்பது முடிவாகிவிட்டது. எதிர்வீட்டு ஜெயக்கொடி, தன் வீட்டு ஃபில்டரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறதென்று இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டாம் தடவை வித்யாஸ்ரீ போய்ச் சரிசெய்தே கொடுத்தாள். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அவள் கம்பெனி செய்வது டிரோன்களுக்கு வழி சொல்கிற கருவி. கருவிக்குள் இருக்கும் சென்சார் ஒவ்வொரு அசைவையும் திருப்பத்தையும் குறித்துக்கொண்டே வரும். அதையெல்லாம் கூட்டினால் கிளம்பின இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு அடியை எண்ணி நடக்கிறவன் கதைதான். துளித்துளிப் பிழை சேர்ந்து பத்து நிமிடத்தில் ஆளை ஏரிக்குள் இறக்கிவிடும். வெளியிலிருந்து ஜிபிஎஸ் அவ்வப்போது 'நீ இருப்பது இங்கே' என்று குரல் கொடுக்கும். பாறை, தகரக்கூரை என்று ஏதாவது குறுக்கே வந்தால் அதுவும் உளறும். உள்ளே இருப்பவன் பேச்சில் எத்தனை பங்கை நம்புவது, வெளியே இருப்பவன் பேச்சில் எத்தனை பங்கை நம்புவது என்று நொடிக்கு நொடி நிறுத்துப் பார்த்து ஒரு முடிவு சொல்வதுதான் கால்மன் ஃபில்டரின் வேலை. முடிவோடு, அதில் தனக்கே எவ்வளவு சந்தேகம் என்பதையும் ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டும்.

அம்மா செந்தாமரை கீரையை ஆய்ந்துகொண்டே இதைக் கேட்டாள்.

"இதுக்கா ஒனக்கு அவ்ளோ சம்பளம்? ஜெயக்கொடி சொன்னா கால்வாசி, பால்காரர் சொன்னா முக்காவாசின்னு நான் தெனைக்கும் பண்றதுதான."

வாஸ்தவம்தான். சந்தேக வட்டம் ஒன்றைத்தான் தெருவில் யாரும் போடுவதில்லை.

வெங்கடரமணனுக்கு மறதி வந்து இரண்டு வருஷமாகிறது. முதலில் கயிற்றின் விலை மறந்தது, அப்புறம் கடைச்சாவி, அப்புறம் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் கமலேஷின் பேர். கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். வித்யாஸ்ரீ வந்த புதிதில் ஜிபிஎஸ் வைத்த கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட்டாள். ஒருநாள் அது அவரை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் காட்டியது. கமலேஷ் இரண்டு மணி நேரம் மூச்சுவாங்க ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினால், மனிதர் அடிவாரத்தில், கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயில் முன்னால், டிக்கெட் கொடுப்பவரோடு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். சாமியும் தானும் ஒரே பேர் என்று அந்த ஆளிடம் சொல்லியும் முடித்திருந்தார். பாறை இடுக்கில் ஜிபிஎஸ் உளறியிருக்கிறது. மறுவாரம் கடிகாரத்தை டீக்கடைக்காரருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். வாங்கிக் கொடுத்த போன் அரிசிப் பானைக்குள் மணியடித்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். எதை மறந்தாலும் அவர் செருப்பில்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. வெறுங்காலோடு பஜாரில் நடந்தால் கடை நொடித்துவிட்டது என்று பேசுவார்களாம். நாற்பது வருஷப் பயம், காலிலேயே தங்கிவிட்டது.

கனத்த அடியுள்ள கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். வலது செருப்பின் அடியைக் கத்தியால் குடைந்து, தீப்பெட்டி அளவில் சென்சார், சிம், பேட்டரி எல்லாவற்றையும் வைத்துத் தைத்தாள். நடக்கிற மனிதனுடைய பாதம் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு கணம் தரையில் அசையாமல் நிற்கும். அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம் என்று உறுதி. அந்த உறுதியைப் பிடித்துக்கொண்டுதான் ஃபில்டர் தன் பிழைகளைக் கழுவிக்கொள்ளும். முதல் சோதனைக்குத் தானே போட்டுக்கொண்டு அனந்தபுரம் பஸ்ஸில் ஏறினாள். காலை அசைக்காமல் உட்கார்ந்து வந்ததால், அவள் இன்னும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறாள் என்று ஃபில்டர் சாதித்தது. ஜிபிஎஸ் பொய் சொல்கிறது என்று தள்ளிக்கொண்டே வந்தது. அனந்தபுரம் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கியபடி அவள் சிரித்துக்கொண்டாள். கால் நின்றால் ஆள் நின்றதாக அர்த்தமில்லை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கடைசியாக அப்பாவின் நடையையும் கற்றுக்கொடுத்தாள். ஓரடி முப்பத்தெட்டு சென்டிமீட்டர். வலது கால் தரையை லேசாகத் தேய்க்கும். ஒன்பது நாள் அவர் பின்னாலேயே நடந்து சேர்த்த அளவு அது. வயதானவரின் நடை மெதுவாகத்தான் மாறும் என்று ஒரு சின்ன எண்ணையும் போட்டுவைத்தாள். அந்த அளவுக்கு மிஞ்சி ஏதாவது வந்தால், இது இந்தக் காலுடையதல்ல என்று ஃபில்டர் தள்ளிவிட்டு, போனில் ஒரு சிவப்புக் கோடு போடும்.

அவர் காலடியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டாள்.

"நைனா, இத மட்டும் எங்கயும் வுட்டுட்டு வந்துடாத. நான் இதுக்குள்ளதான் இருக்கேன். நீ எங்க போனாலும் எனக்குத் தெரியும், வந்துடுவேன்."

வெங்கடரமணன் வலது செருப்பைக் கழற்றித் தூக்கி, வாரை விலக்கி உள்ளே பார்த்தார்.

"பாப்பா, உள்ள எடம் போதுதா?"

வைகாசி அமாவாசை அன்று காலையில் வித்யாஸ்ரீ மாடியில் கம்பெனி மீட்டிங்கில் இருந்தாள். செந்தாமரை குளித்துவிட்டு வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, கறுப்புச் செருப்பைக் காணோம். பழைய ஜோடி மூலையில் அப்படியே கிடக்கிறது.

"அமாவாசையாச்சே. பஸ் ஸ்டாண்டுல மலையனூர் மலையனூர்னு கத்திக்கினு இருப்பான். ஏறியிருப்பாரு மனுஷன்" என்றாள்.

போனைத் திறந்தால், புள்ளி மேல்மலையனூர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. வித்யாஸ்ரீக்குப் பயம் வருவதற்கு முன்னால், உண்மையைச் சொல்ல வேண்டும், பெருமைதான் வந்தது. பஸ்ஸில் போகிறார் என்பதைக்கூட ஃபில்டர் சரியாகச் சொல்லிவிட்டதே. கமலேஷ் கடையைப் பாதி மூடிவிட்டு வந்தான். பைக்கில் கிளம்பினார்கள்.

வளத்தியைத் தாண்டும்போது புள்ளி நின்றது. கோயில் வாசல். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் காலடிகள் வந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டன. சந்தேக வட்டம் சுருங்கிச் சுருங்கி மூன்று மீட்டருக்கு வந்தது. சாமி கும்பிடுகிறார். கும்பிடட்டும் என்று நினைத்தாள்.

மேல்மலையனூருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் போலீஸ் வண்டிகளை நிறுத்தியது. அதற்குமேல் நடைதான். புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. புள்ளி கிளம்பிவிட்டது. கோயில் வாசலை விட்டு, ஊருக்கு அந்தப் பக்கம் ஸ்பெஷல் பஸ்கள் நிற்கும் மைதானத்தை நோக்கி, விறுவிறுவென்று. சிவப்புக் கோடு ஒன்று. இரண்டு. ஓரடி அறுபத்தொரு சென்டிமீட்டர் என்றது சென்சார். இந்தக் கால் அதுவல்ல என்றது ஃபில்டர். மூன்று, நான்கு. கூட்டம் இடித்துக்கொண்டு போனது. ஏழு கோடுகள்.

அவளுக்கு இரண்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது நைனா முன்னால் போவார், பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓட வேண்டும். இந்த நோயில் சில நாள் பளிச்சென்று தெளிவு வரும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். சாமியைப் பார்த்ததும் பழைய கால் திரும்பியிருக்கிறது. ஏன் திரும்பக் கூடாது? ஊரே அதற்காகத்தானே எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வருகிறது? போனிலேயே அந்தச் சின்ன எண்ணைத் திறந்து நூறு மடங்கு பெரிதாக்கினாள். அவர் மாறக்கூடியவர்தான் என்று ஃபில்டருக்குச் சொன்னாள்.

ஃபில்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. இருபதே அடியில் அறுபத்தொன்றைக் கற்றுக்கொண்டது. சிவப்புக் கோடு நின்றது. வட்டம் திரும்பவும் மூன்று மீட்டர்.

"பஸ் ஏறிட்டார்டா. வண்டியத் திருப்பு."

கமலேஷ் கோயில் கோபுரத்தைப் பார்த்தான்.

"அக்கா, ஒரு கிலோமீட்டர்தான். இவ்ளோ தூரம் வந்துட்டோம். உள்ள ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமே."

"அங்க இல்லன்றேன் இல்ல? பாரு. மூணு மீட்டர்டா."

"இல்ல, சும்மா..."

"எப்படி நடக்கறாரு பாரு கமலேஷு. எத்தினி நாளாச்சி இப்படி நடந்து."

அவள் கண் கலங்கியிருந்தது. அக்கா அழுது அவன் பார்த்ததில்லை, அவள் கல்யாணம் முறிந்தபோதுகூட. வண்டியைத் திருப்பினான்.

நெரிசலில் முக்கால் மணி நேரம் போனது. அதற்குள் பஸ் செஞ்சிக்கு வந்து, புள்ளி இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் இன்னொரு பஸ்ஸில் ஏறியிருந்தது. அனந்தபுரம் தாண்டியது. பனமலையில் இறங்கியது.

"பனமலையில நமக்கு யாரு இருக்கறாங்க?" என்றான் கமலேஷ்.

"நைனாவுக்கு யாராவது இருப்பாங்க. நமக்குத் தெரியாம." அவள் குரலில் ஒரு விளையாட்டுகூட இருந்தது.

பனமலை ஏரிக்கரையில், வேப்பமரத்தின் கீழே, வட்டத்தின் நட்டநடுவில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான நெட்டை மனிதர். பேர் பாவாடை, கரும்பு வெட்டப் போகிறவர். நெற்றியில் மலையனூர்க் குங்குமம். காலில் கறுப்புச் செருப்பு.

வித்யாஸ்ரீ அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கமலேஷ்தான் கேட்டான்.

"இந்தச் செருப்பு ஏதுங்க?"

பாவாடை காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்துதான். ஏன்?"

"இது எங்க நைனாவுது. உள்ள மிஷின் இருக்குது."

"மிஷினா?" அவர் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்றார். "எனக்கு இன்னாப்பா தெரியும். என் செருப்ப எவனோ போட்டுக்கினு போய்ட்டான். தரையில கால் வெக்க முடியல, அப்படி வெயிலு. இது ஓரமா ஜோடியா கெடந்துச்சி. அமாவாசைன்னா எல்லாரும் பண்றதுதான? எட்துக்கினு போங்க. நான் திருடன் இல்ல."

"நீங்க எத்தினி மணிக்கு எட்த்தீங்க?" வித்யாஸ்ரீயின் முதல் கேள்வி அது. பதில் அவளுக்குத் தெரியும். பதினொன்று முப்பத்தெட்டு. முதல் சிவப்புக் கோட்டிலேயே எழுதியிருந்தது.

மேல்மலையனூர் போலீஸ் பந்தலுக்குக் கமலேஷ் போன் போட்டான். வயதானவர், வெள்ளை வேட்டி, காலில் செருப்பு இருக்காது என்று அடையாளம் சொன்னான். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகவே சொன்னார்: "சார், இங்க இருக்கிற ஒரு லட்சம் பேர் கால்லயும் செருப்பு இல்ல."

அவர்கள் திரும்பிப் போய்ச் சேரும்போது மணி நாலரை. இந்தத் தடவை போலீஸ் தடுத்த இடத்தில் பைக்கைப் போட்டுவிட்டு, அந்த ஒரு கிலோமீட்டரையும் ஓடினார்கள். செருப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற பெண்ணுக்குக் கூட்டம் வழிவிட்டது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கும்.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிற பூவாயி, இவளைப் பார்த்ததும், இவள் கையைப் பார்த்ததும், எழுந்துவிட்டாள்.

"நீதான் அந்தப் பாப்பாவா?"

தட்டுகளை ஒதுக்கி, தன் பந்தல் நிழலில் அவரைக் கிடத்தியிருந்தாள். முகத்தில் ஈரத்துணி.

"பன்னெண்டு மணியிலேர்ந்து செருப்புக் குமியல்ல தேடினாரும்மா. ஒவ்வொண்ணா எட்து உள்ள பாக்கறாரு, வெச்சிடறாரு. வெயிலு கொளுத்துது, தாரு உருகுது, காலு பொசுங்கிப் போச்சி. வா பெரியவரே, நெழலுக்கு வான்னா வர்ல. ஊரு எதுன்னா சொல்லல, பேரு இன்னான்னா சொல்லல. செருப்புக்குள்ள பாப்பா இருக்குது, வுட்டுட்டுப் போனா அதுக்கு வழி தெரியாதுன்னாரு. அது ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. ரெண்டு ரெண்டரைக்கு அப்படியே சாஞ்சிட்டாரு. நூத்தியெட்டுக்குச் சொல்லியிருக்குது, கூட்டத்துல வண்டி உள்ள வர முடியல."

இரண்டரை. ஏரிக்கரையில் பீடிப் புகைக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்த நேரம்.

வித்யாஸ்ரீ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்புளமாகி உரிந்திருந்தன. உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது.

"நைனா. நான் வந்துட்டேன் நைனா."

கண்ணைத் திறந்தார். அவள் முகத்தின் மேல் பார்வை வந்து, நிற்காமல் நகர்ந்து போனது. அவள் மடியிலிருந்த செருப்பில் போய் நின்றது. கையை நீட்டினார். கொடுத்தாள். வலது செருப்பைத்தான் எடுத்துக்கொண்டார். வாரை விலக்கி உள்ளே பார்த்தார்.

"வந்துட்டியா" என்றார் செருப்பிடம். "பயந்துட்டேன்."

பிறகு அதை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வளத்தியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கை மட்டும் செருப்பை விடவில்லை. செஞ்சிக்கு வந்து கமலேஷ்தான் விரல்களைப் பிரித்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அமாவாசைக்குப் போய்ப் புதுச் செருப்பா? ஜெயக்கொடி வாசலில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழையதை மாட்டி அனுப்பியிருப்பேன் என்று மூக்கைச் சிந்தினாள். வித்யாஸ்ரீ தலையாட்டினாள். தெருவுக்குக் கிடைத்த குற்றம் அது. சின்னது, வாய்க்கு அடக்கமானது. ஏழு முறை இல்லை இல்லை என்று சொன்ன ஃபில்டரின் வாயைத் தானே அடைத்தது யாருக்கும் தெரியாது. கமலேஷுக்குக் கொஞ்சம் தெரியும். அந்த ஒரு கிலோமீட்டரைப் பற்றி அவன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மூன்றாம் நாள் அவள் ஃபில்டரின் அந்தச் சின்ன எண்ணைப் பழையபடி மாற்றினாள். மாறமாட்டார். முப்பத்தெட்டு. செருப்பை மாடிக்குக் கொண்டுபோய் சார்ஜில் போட்டாள். எதற்கென்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புள்ளி வீட்டுக்குள்ளேயே இருந்தது. வட்டம், அது போட்டதிலேயே மிகச் சின்ன வட்டம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தானத் தட்டில் குடை, செம்பு, வேட்டி எல்லாம் வைத்தாகிவிட்டது. போகிற வழிக்குச் செருப்பு வைக்க வேண்டும் என்றார் காரியம் செய்ய வந்தவர். கமலேஷ் வாங்க மறந்திருந்தான். இதோ கடைக்கு ஓடுகிறேன் என்று எழுந்தவனைச் செந்தாமரை தடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கறுப்புச் செருப்பைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

"புதுசுதான். முழுசா ஒரு மாசங்கூடப் போடல. இது இந்த வூட்ல இருக்க வேணாம்."

வித்யாஸ்ரீயைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

பந்தி முடிந்து, எல்லோரும் கிளம்பிப்போன மத்தியானத்தில், மாடியில் உட்கார்ந்திருந்தவளின் போன் அதிர்ந்தது. புள்ளி வாசலைத் தாண்டியிருந்தது. தானம் வாங்கியவர் தன் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு இதை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். பஜார் வழியாக, கயிற்றுக் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நல்ல நடை. ஐம்பத்தேழு சென்டிமீட்டர். சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. இன்னொன்று. அடிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிச் சத்தத்தோடு, திரை நிறைய விழுந்துகொண்டே இருந்தது. அவள் விரல் எண் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து செந்தாமரை குரல் கொடுத்தாள். "இவ்ளோ நேரமா அடிக்குதே, போன்ல யாருடி?"

"நைனா இல்லம்மா" என்றாள் வித்யாஸ்ரீ.